விற்பதா, ஒருவர் எடுத்துக்கொள்வதா, பையன் பேருக்கு எழுதுவதா: பிரியும் தம்பதியின் வீடும் கடனும்

"ஏனுங்க, பேசாம பையன் பேருக்கே எழுதி வெச்சுட்டா வம்பில்லீங்களே?"

விவாகரத்துக்குப் போகும் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வரும் பெரியவர்கள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் இதுதான். அடுத்தது, "வீட்டுல பாதி அம்மிணிக்குச் சட்டப்படி வந்துருமுங்களா?" கடனைப் பற்றி முதல் நாள் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் மஞ்சள் பையிலிருந்து நகை அடமான ரசீது வெளியே வரும்.

ஈரோடு பக்கம் சார்பதிவாளர் அலுவலகத்தை ஒட்டிய கடை ஒன்றில் பத்திரம் எழுதுகிறேன். வக்கீல் இல்லை. வழக்கு நடத்துவது வக்கீல் வேலை. ஆனால் பேசி முடித்ததைக் காகிதத்தில் ஏற்றும்போது எது நிற்கும், எது நிற்காது என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறேன். போன மாதம் மட்டும் மூன்று குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்ததால் இதை எழுதி வைக்கிறேன். இந்து திருமணச் சட்டம் பொருந்துகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு, ஆனால் வங்கியும் பதிவு அலுவலகமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒரு கணக்கு

ஊரையும் தொழிலையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பெருந்துறை பக்கம் ஒரு தம்பதி. கணவர் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள்) போட்டு பனியன் ஜாப்ஒர்க் எடுத்துச் செய்கிறார். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. ஒன்பது வயதுப் பையன். இருவர் பேரிலும் கூட்டாக ஒரு வீடு, இன்றைய விலை 60 லட்சம்.

கடன் பக்கம் இது. வீட்டுக் கடன் பாக்கி 28 லட்சம், கையெழுத்து இருவருடையது. பவர் டேபிள் வாங்கிய முத்ரா கடன் (சிறுதொழிலுக்கு வங்கி தருவது) 10 லட்சம். பெண் பேரில் போட்டால் சுலபம் என்று யாரோ சொல்ல, கம்பெனியே மனைவி பேரில் இருக்கிறது. அவருடைய 18 பவுனைக் கூட்டுறவு வங்கியில் வைத்து எடுத்த 6 லட்சம், ரசீது கணவர் பேரில். தெரிந்தவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிய 4 லட்சம், அதுவும் கணவர்.

மொத்தக் கடன் 48 லட்சம். 60 லட்ச ரூபாய் வீட்டைப் பிரிக்க வந்தவர்களுக்கு எல்லாக் கடனும் போகக் கையில் நிற்பது 12 லட்சம். மெஷின்களை விற்றால் 5 லட்சம் தேறினாலே பெரிசு.

இப்போது இதைப் பாருங்கள். யார் கையெழுத்துப் போட்டாரோ அவரே கட்டட்டும் என்று வைத்தால், வீட்டுக் கடன் போக மீதி 32 லட்சத்தில் மனைவிக்குப் பாதி 16 லட்சம், அதில் முத்ரா 10 லட்சம் போக 6 லட்சம். தொழில் கடனைத் தொழில் செய்தவரே ஏற்கட்டும் என்றால் மனைவிக்கு முழுதாக 16 லட்சம், கணவருக்கு 4 லட்சம் துண்டு விழும். இரண்டு கணக்கிலும் வீட்டில் ஆளுக்குப் பாதிதான். அது மாறவே இல்லை. கடன் யார் தலையில் விழுகிறது என்பதில்தான் ஆறா பதினாறா என்று முடிவாகிறது. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் கடன் பட்டியலை முதலில் எழுதச் சொல்கிறேன்.

சட்டப்படி பாதி வருமா?

வராது. நம் சட்டத்தில் கல்யாணம் ஆனதால் மட்டும் சொத்து பொதுவாகிவிடுவதில்லை. கோவாவில் பழைய போர்ச்சுகீசியச் சட்டத்தின் மிச்சமாக அப்படி ஒரு முறை உண்டு, இங்கே கிடையாது. கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது, அதோடு சரி. மக்களவை கலைந்ததும் காலாவதியாகிவிட்டது. இங்கே பத்திரத்தில் யார் பேரோ அவர் சொத்து. கூட்டுப் பேர் என்றால் கூட்டு.

இல்லத்தரசிகளுக்கு ஒரு நல்ல தீர்ப்பு உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் கண்ணையன் நாயுடு வழக்கில், வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்று சொன்னது. அது விவாகரத்து வழக்கு அல்ல. அதைக் காட்டி எல்லா வழக்கிலும் பாதி வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பேச்சுவார்த்தையில் சொல்லிக்காட்ட உதவும்.

மாமனாரின் தென்னந்தோப்பில் மருமகளுக்குப் பங்கு கிடையாது. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் பேரனுக்கும் பேத்திக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. ஆனால் அப்பாரு (அப்பாவின் அப்பா) சம்பாதித்ததை 1956-க்குப் பிறகு அப்பா வாரிசாக அடைந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது. இந்த ஒரு விஷயத்தில் எத்தனை குடும்பங்கள் வீணாக ரெண்டு மூணு வருசம் இழுத்திருக்கின்றன! தோப்பில் கணவருக்கு வருமானம் வருகிறது என்றால் அதை ஜீவனாம்சக் கணக்கில் காட்டலாம், அவ்வளவுதான். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

நகை தனி. பெண்ணுக்குப் போட்ட நகையும் அவருக்கு வந்த சீரும் சீதனம். அது பிரிக்க வேண்டிய பொதுச் சொத்தே இல்லை, முழுக்க அவருடையது. பிரதிபா ராணி வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் பக்கத்துக் கேரளத்து வழக்கு ஒன்றில், 89 பவுனைக் கணவர் குடும்பம் கரைத்ததற்கு 25 லட்சம் திருப்பித் தரச் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் "இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிக்கொள்வது இன்னும் நடக்கிறது. பேசி முடிப்பதற்குப் பெரியவர்கள் வேண்டும், நான் மறுக்கவில்லை. நிறைய வீடுகளில் அவர்கள் இல்லாவிட்டால் பேச்சே தொடங்காது. ஆனால் அந்தக் காகிதம் விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருப்பதாகக் கோர்ட்டில் நிரூபித்தால் ஒழிய, அதை நம்பி மறுமணம் செய்தால் சிக்கல்தான். பேசியதைப் பரஸ்பர சம்மத மனுவில் ஏற்றிக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்குங்கள்.

எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்ப்பதற்கு முன் நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

முதலாவது, பத்திரத்தில் யார் பேர். இரண்டாவது, கடன் பத்திரத்தில் யார் கையெழுத்து, ஜாமீன் கையெழுத்தையும் சேர்த்து. மூன்றாவது, பேர் மாற்ற ஆகும் முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வருமான வரி. நான்காவது, எதிர்த்தரப்பு நாளைக்குப் பேச்சு மாறினால் யாருக்கு அடி. ஐந்தாவது, பிள்ளை எங்கே தங்கும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

இதில் இரண்டாவதும் நான்காவதும்தான் கழுத்தறுப்பவை. நீங்கள் இருவரும் கோர்ட்டில் என்ன எழுதிக்கொண்டாலும் வங்கி அதில் கட்சிக்காரர் இல்லை. "வீட்டுக் கடனைக் கணவரே கட்டுவார்" என்று தீர்ப்பிலேயே இருக்கட்டும். அவர் கட்டாமல் விட்டால் வங்கி மனைவியையும் கேட்கும். மூன்று மாதத் தவணை நின்றால் வாராக்கடன், அதற்கப்புறம் அறுபது நாள் நோட்டீஸ், பிறகு வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். இருவரின் சிபில் எனும் கடன் மதிப்பெண்ணும் ஒன்றாகக் கீழே போகும். பிரிந்து நாலு வருசம் ஆன ஒரு பெண் ஸ்கூட்டருக்குக் கடன் கேட்கப் போய்த்தான் முன்னாள் கணவர் தவணை கட்டாதது தெரிந்து, அழுதுகொண்டே என் கடைக்கு வந்தார்.

வழி 1: விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைப் பிரிப்பது

வீட்டை மூன்றாம் ஆளுக்கு விற்று, அந்தப் பணத்திலேயே எல்லாக் கடனையும் தீர்த்து, மீதியைப் பங்கு போடுவது.

இதில் கிடைக்கும் பெரிய நிம்மதி, இருவரையும் கட்டிப் போட்டிருந்த கையெழுத்து ஒரே நாளில் அவிழ்ந்துவிடும். வாங்குபவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போகும், வங்கி மூலப் பத்திரத்தைத் திருப்பித் தரும், வில்லங்கச் சான்றில் அடமானம் தீர்ந்தது பதிவாகும். பேச்சு மாற இடமே இல்லை. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியிருக்கிறது. யாராவது கேட்டால் தைரியமாக மறுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. புரோக்கர் கமிஷன் முதலில். அப்புறம் மூலதன ஆதாய வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால் நேராக 12.5 சதவீதமோ, விலைவாசிக் குறியீட்டைக் கழித்து 20 சதவீதமோ, எது குறைவாக வருகிறதோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் லட்சக்கணக்கில் வரலாம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் ஒரு சதவீதம் டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்) பிடிப்பார். வீடு கையில் வந்து ஐந்து வருசத்துக்குள் விற்றால், அசல் தவணைக்காக முன்பு வாங்கிய வரிச் சலுகை திரும்பி வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு அவசரம். "விவாகரத்து வீடு" என்று தெரிந்தாலே நம் ஊரில் விலையை அடித்துக் கேட்பார்கள். விற்கிற காரணத்தைப் புரோக்கரிடம் சொல்லாதீர்கள்.

இருவரில் யாருடைய சம்பளமும் தனியாகத் தவணையைத் தாங்காது, கடன் பல இடத்தில் பரவியிருக்கிறது, ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும் நிலை போய்விட்டது என்றால் இதுதான் வழி. வீட்டிலேயே கீழ்த்தளத்தில் பட்டறை ஓடுகிறது, பிள்ளை பத்தாவது பரிட்சை எழுதப் போகிறது என்றால் கொஞ்சம் பொறுக்கலாம்.

வழி 2: ஒருவர் வீட்டையும் கடனையும் எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் தருவது

பேசும்போது எல்லோருக்கும் பிடிக்கும் வழி. நம் கணக்கில் கணவர் வீட்டை எடுத்துக்கொண்டால் 28 லட்சக் கடனை ஏற்று, மனைவிக்கு 16 லட்சம் தர வேண்டும். மனைவி எடுத்துக்கொண்டால் 28 லட்சத்துக்கு மாதத் தவணை இருபது வருசத்துக்கு சுமார் 24,000 ரூபாய் வரும், பள்ளிச் சம்பளத்தில் நடக்காது. சரி, கணவர்தான்.

இங்கேதான் எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. இதைத் தெரியாமல் பணத்தை விட்டவர்கள் அதிகம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் (தன் பங்கை விட்டுக்கொடுப்பது) தான செட்டில்மெண்டுக்கும் (விலை இல்லாமல் எழுதிக் கொடுப்பது) தமிழ்நாட்டில் சலுகை உண்டு. முத்திரைக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சம் 10,000. இது 2023 ஜூலை 10 முதல் உள்ள கணக்கு. விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் இருவரும் குடும்பம் இல்லை. அதற்குப் பிறகு கிரயமாக எழுதினால் முத்திரை 7, பதிவு 2, ஆக ஒன்பது சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டில் பாதி 30 லட்சம். தீர்ப்புக்கு முன்னால் எழுதினால் 30,000 முத்திரை, 10,000 பதிவு. அப்புறம் எழுதினால் 2,70,000. ஒரு கையெழுத்து எந்தத் தேதியில் விழுகிறது என்பதற்கு இவ்வளவு விலை.

அதற்காக முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டும் நிற்கக் கூடாது. பரஸ்பர சம்மத வழக்கில் இரண்டு கட்டம். முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே ஆறு மாதம் காத்திருக்கச் சட்டம் சொல்கிறது. 2017-க்குப் பிறகு, தகுந்த காரணம் இருந்தால் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்யவும் முடியும். தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே முதல் மனுவில் சொத்து விவரத்தைச் சர்வே எண்ணோடு தெளிவாக எழுதி, இரண்டாம் கட்டத்துக்குத் தேதி குறித்த பிறகு, அதற்கு ஓரிரு நாள் முன்னால் பத்திரம் பதிவது என்பது நான் சொல்லும் வரிசை. பணம் டி.டி.யாகச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கை மாறட்டும். சில வக்கீல்கள் பாதி பணத்தைத் தீர்ப்பு நாளுக்கு நிறுத்தி வைப்பார்கள், அதுவும் நல்ல பழக்கம்தான்.

அடுத்தது வங்கி. பத்திரத்தில் பேர் போய்விட்டதால் கடனில் பேர் போகாது. வங்கி, வீட்டை எடுப்பவரின் வருமானத்தைத் தனியாகப் பார்த்து, புதிய கடன்போல மதிப்பிட்டுத்தான் மற்றவரை விடுவிக்கும். நம் தம்பதிக்கு இங்கேதான் முட்டியது. கம்பெனி மனைவி பேரில். ஜி.எஸ்.டி. மனைவி பேரில். எட்டு வருசமாக வருமான வரிக் கணக்கும் மனைவி பேரில். பவர் டேபிளில் காலை எட்டு மணியிலிருந்து நின்று உழைத்தவருக்குக் காகிதத்தில் வருமானமே இல்லை. "தம்பி, உங்க ஐ.டி. ரிட்டர்ன் மூணு வருசத்துக்குக் கொண்டாங்க" என்று வங்கியில் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மொத்தமாகத் தரும் ஜீவனாம்சத்தை வாங்குபவரின் வருமானமாக எடுப்பதில்லை, மாதாமாதம் வருவது வருமானம். அதனால் 16 லட்சத்தை எப்படித் தருகிறோம் என்பதையும் மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

வீட்டை எடுப்பவருக்குத் தனியாக, காகிதத்தில், போதுமான வருமானம் இருந்து, வங்கி எழுத்தில் "மற்றவரை விடுவிக்கிறோம்" என்று தந்தால் இந்த வழியை விடச் சிறந்தது இல்லை. அந்தக் கடிதம் வராமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீடு போய்விடும், கடன் மட்டும் உங்களோடு நிற்கும்.

வழி 3: பையன் பேருக்கு எழுதுவது

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இரண்டு பக்கத்துப் பாட்டிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்பார்கள். யாரும் தோற்ற மாதிரி இருக்காது. அதனால்தான் பேச்சு இழுபறியில் நிற்கும்போதெல்லாம் இது வருகிறது. எனக்கு இதில் சந்தேகம் அதிகம்.

மைனர் பேருக்குப் போன சொத்தை, 1956-ஆம் வருசத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, அப்பாவோ அம்மாவோ கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. நாளைக்குப் பையன் படிப்புக்கே பணம் வேண்டும் என்றாலும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை மனம் மாறி ஒருவராக ரத்து செய்யவும் முடியாது. அடமானத்தில் இருக்கும் வீடு என்றால் வங்கி சம்மதிக்காமல் இந்தப் பேச்சே வீண். சம்மதித்தாலும் சொத்து பையனுக்கு, தவணை உங்களுக்கு. வாடகை வந்தால் அந்த வருமானம் பையனை வளர்க்கிறவர் கணக்கில் சேரும். வீட்டு வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர் யார் பார்ப்பது என்று ஒருவரும் எழுதுவதில்லை. பதினெட்டு வயதில் அந்தப் பையன் பல்சருக்கு ஆசைப்பட்டு வீட்டை விற்றாலும் கேட்க ஆள் இல்லை.

இது நல்ல வழியாகும் இடம் ஒன்று உண்டு. கடன் இல்லாத வீடு, அம்மா அதிலேயே பையனோடு இருக்கப் போகிறார், இருவருக்கும் வேறு வருமானம் உண்டு. அப்போது பையனுக்குச் செட்டில்மெண்ட், அம்மாவுக்கு ஆயுள் வரை குடியிருக்கும் உரிமை என்று ஒரே பத்திரத்தில் எழுதலாம். ஆயுள் உரிமை வரியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாத பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் வந்த பிறகு என்னிடம் வந்த அம்மாக்கள் இருக்கிறார்கள்.

வழி 4: அப்படியே விட்டுவிடுவது

விவாகரத்து முடியட்டும், வீடு கூட்டுப் பேரிலேயே இருக்கட்டும், விலை ஏறட்டும். இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, பேசிப் பேசி அலுத்துப்போய் இங்கே வந்து நிற்பார்கள். ஒருவர் தவணையை நிறுத்தினால் இருவருக்கும் அடி. ஒருவர் இறந்தால் அவர் பாதி, விவாகரத்து ஆனவருக்கு வராது. பிள்ளைக்கும், மறுமணம் ஆகியிருந்தால் புதுத் துணைக்கும், இறந்தது கணவர் என்றால் அவர் அம்மாவுக்கும் போகும். இத்தனை பேரோடு உட்கார்ந்து பாகப்பிரிவினை பேச வேண்டும். வேறு வழியே இல்லை என்றால், எத்தனை மாதத்துக்குள் விற்பது, அதுவரை தவணை யார், அடிமட்ட விலை என்ன என்ற மூன்றையும் சம்மத மனுவில் எழுதிக்கொண்டு விடுங்கள்.

வழி 5: கோர்ட்டே பிரிக்கட்டும்

அடியும் மிரட்டலும் நடந்த வீட்டில், சொத்தை மறைக்கிற கணவரிடம், பேச்சுவார்த்தை என்பதே பலவீனமானவரை அமுக்கும் வேலை. அங்கே வழக்குதான். இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்டு, அதைக் கணவரின் தோட்டத்தின் மேல் பொறுப்பாக ஏற்றவும் கேட்கலாம். 27-ஆம் பிரிவு கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் கூட்டாக வந்த பொருள்களுக்கு. மாமனார் வீடாகவே இருந்தாலும், கணவரோடு குடும்பம் நடத்திய வீட்டில் தங்கும் உரிமையை 2005-ஆம் வருசத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தங்கும் உரிமைதான், சொத்துரிமை அல்ல. கணவரின் நிகரச் சம்பளத்தில் கால்வாசி நியாயம் என்று 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பளச் சீட்டு இல்லாத விசைத்தறிக்காரரிடமும் தேங்காய் வியாபாரியிடமும் எதில் கால்வாசி என்பதுதான் சண்டையே.

செலவு, காலம். அவ்வளவுதான் சொல்ல முடியும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் சமரச மையத்துக்கோ லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்துக்கோ போகலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பும், அதற்கு மேல் அப்பீல் இல்லை.

| | விற்றுப் பிரிப்பது | ஒருவர் எடுப்பது | பையன் பேருக்கு | அப்படியே விடுவது | கோர்ட் வழி |
|---|---|---|---|---|---|
| கடன் கையெழுத்து | அன்றே தீரும் | வங்கி விடுவித்தால்தான் | தீராது | தீராது | தீராது |
| பதிவுச் செலவு | வாங்குபவர் கட்டுவார் | தீர்ப்புக்கு முன் குறைவு, பின் அதிகம் | குறைவு | இப்போது இல்லை | தீர்ப்பைப் பொறுத்து |
| மறை செலவு | கமிஷன், வரி, அவசர விலை | தனி வருமானச் சான்று | விற்கக் கோர்ட் அனுமதி | சிபில், பின்னாள் வாரிசுகள் | வருடங்கள் |
| பேச்சு மாறினால் | பாதிப்பு இல்லை | தேதி வரிசை தவறினால் உண்டு | தவணையில் உண்டு | முழுப் பாதிப்பு | தீர்ப்பை நிறைவேற்ற மனு |
| யாருக்கு | கடன் பரவியவர்களுக்கு | ஒருவருக்கு நல்ல வருமானம் இருந்தால் | கடனில்லா வீட்டுக்கு | தற்காலிகமாக | வன்முறை, மறைப்பு உள்ள இடத்தில் |

வீடு அல்லாத கடன்கள்

நகைக் கடனில் ரசீது யார் பேரிலோ அவரிடம்தான் வங்கி நகையைத் தரும். நகை மனைவியுடையது என்பது வங்கிக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆகவே "நகைக்கான பணத்தைத் தருகிறேன்" என்று எழுதாமல், "இந்தத் தேதிக்குள் மீட்டு, 18 பவுனாகவே கையில் தருகிறேன்" என்று எழுத வேண்டும். அடமானம் வைத்த அன்றைய விலையும் இன்றைய விலையும் ஒன்றல்ல. எத்தனை பவுன் என்று சண்டை வந்தால் கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், மொய் நோட்டு மூன்றும் பேசும். இந்த வழக்கில் மனைவியின் அம்மா மஞ்சள் தடவிய மொய் நோட்டைக் கொண்டு வந்தார். "தாய்மாமன் சீர்: ஆரம் 5 பவுன்" என்று அப்பச்சி (அம்மாவின் அப்பா) கையெழுத்தில் ஊதா மையில் இருந்தது. அதற்கப்புறம் யாரும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை.

கம்பெனி யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி முதலாளி. ஒருவரே உரிமையாளராக இருக்கும் நிறுவனத்துக்குத் தனிக் கடன் என்று எதுவும் இல்லை, எல்லாம் அவருடைய சொந்தக் கடன். ஜி.எஸ்.டி. பாக்கி, நூல் கடைக்காரர் பாக்கி, பி.எஃப். பாக்கி எல்லாம் சேர்த்து. எனவே ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து, நடப்புக் கணக்கை மூடி, கையெழுத்துப் போட்டு வைத்த காசோலைகளை எண்ணித் திரும்ப வாங்கி, அப்புறம்தான் தீர்ப்புக்குப் போக வேண்டும். வெற்றுக் காசோலை ஒன்று வெளியே நின்றால் செக் மோசடி வழக்கு கையெழுத்துப் போட்டவர் மேல்தான்.

புரோநோட்டில் கணவர் மட்டும் கையெழுத்து என்றால் மனைவிக்குப் பொறுப்பில்லை. கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் இல்லை. மகளிர் குழுக் கடன் இதற்கு நேர் எதிர். பணம் வீட்டுக்காரர் செலவு செய்திருப்பார், கையெழுத்து பெண்ணுடையது, மற்ற உறுப்பினர்கள் வாரா வாரம் வந்து கதவைத் தட்டுவார்கள். பட்டியலில் இதை விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் எதை எடுத்தார்கள்

வழி 2-ஐப் பேசி ஒத்துக்கொண்டு, வங்கியில் முட்டி, வழி 1-க்கு வந்தார்கள். வீடு 60 லட்சத்துக்கே போனது, ஐந்து மாதம் பொறுத்ததால். அதிலிருந்து வீட்டுக் கடன் 28, முத்ரா 10, நகைக் கடன் 6 நேராகக் கட்டப்பட்டன. மீதி 16-இல் மனைவிக்கு 10, கணவருக்கு 6, கமிஷனும் வரியும் ஆளுக்குப் பாதி. மெஷின்களைக் கணவர் எடுத்துக்கொண்டார், புரோநோட்டும் அவர் பாடு. 16 லட்சம் கேட்டிருக்கலாமே என்று மனைவியின் அண்ணன் என்னிடம் கோபப்பட்டார். முத்ரா கடன் தன் பேரில் இருந்து போனதே போதும், 18 பவுன் முழுசாகக் கைக்கு வருகிறதே என்பது மனைவியின் கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

கிரயம் பதிந்த அன்று கூட்டுறவு வங்கிக்கு நானும் போனேன். கணவர் ரசீதைக் கொடுத்து, துணிப்பையை வாங்கி, பிரிக்காமல் அப்படியே மனைவி கையில் தந்தார். அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மொய் நோட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆரம், நெக்லஸ், ஆறு வளையல். எல்லாம் இருந்தது. கிளம்பும்போதுதான் அவருடைய அம்மா, "கண்ணு, குத்துவிளக்கும் பெரிய அண்டாவும் பட்டியல்லயே இல்லயே" என்றார். நாங்கள் யாருமே பாத்திரத்தை எழுதவில்லை. கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஞாயித்துக்கெழம டெம்போல போட்டு அனுப்பறனுங்க அத்தை" என்றார். அடுத்தடுத்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் இப்போது கடைசி வரியாகப் பாத்திரத்தையும் சேர்த்திருக்கிறேன்.